பத்தொன்பது மில்லிமீட்டர் ராடும் இருபத்திரண்டு வெள்ளிக்கிழமையும்

மகளே,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் கடிதத்துக்கு முறை. ஆனால் நீ அடுத்த அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். ஸ்பேனர் செட்டைத் துணிகளுக்கு அடியில் வைப்பதா மேலே வைப்பதா என்று உன் அம்மாவோடு நீ வாதாடுவது இங்கே தெளிவாகக் கேட்கிறது. ஒரே கூரையின் கீழ் இருக்கும் மகளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்கலாம். நேரில் சொல்ல எட்டு மாதமாக முயன்றேன். சாப்பிடும்போது மூன்று முறை, உன் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு முறை, வண்டியில் போகும்போது ஒரு முறை. ஒவ்வொரு முறையும் வாய்வரை வந்த சொல் "மோர் இருக்கிறதா" என்றோ "மழை வரும் போலிருக்கிறது" என்றோ மாறிப் போயிற்று. முப்பத்துநான்கு வருடம் இயற்பியல் ஆசிரியனாகக் கரும்பலகையைப் பார்த்தே பேசிப் பழகியவன் நான். முகத்தைப் பார்த்துச் சொல்ல வராதது எழுதினால் வரும்.

ஞாயிற்றுக்கிழமை நீ சென்னைக்கு ரயில் ஏறுகிறாய். அங்கே ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. நல்ல வேலை. நீ போவதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் என்ன நினைத்துக்கொண்டு போகிறாய் என்பது எனக்குத் தெரியும். "நான் செய்த ராடு தாங்கவில்லை, என் கணக்கு தவறு, ஊரார் வண்டியில் கை வைக்க எனக்குத் தகுதி இல்லை" என்று நினைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்பைப் பூட்டுகிறாய். அது உண்மை இல்லை. உன் ராடு தாங்கியது. தாங்காமல் போனதற்குக் காரணம் நான். அதை மறைத்தவனும் நான்தான். இதைத் தெரிந்துகொண்டபின் நீ போனாலும் சரி, இருந்தாலும் சரி. தெரியாமல் போகக் கூடாது.

இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர வேறு சிலரும் படிக்கப் போகிறார்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது; பொறுத்துக்கொள். வண்டி வளைவில் திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வைக் குறைக்க, இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்து அடியில் ஓர் இரும்புக் கம்பி போகும். ஸ்டெபிலைசர் ராடு என்று பெயர். அதன் இரு முனைகளையும் சக்கரப் பக்கத்தோடு பிணைப்பது லிங்க். நடுப்பகுதியை வண்டியின் அடியோடு பிடித்திருப்பது பிராக்கெட். இரும்போடு இரும்பு உரசாமல் இருக்க இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் புஷ். இந்தக் கதை முழுவதும் உள்ளங்கையில் அடங்கும் அந்த ரப்பர் துண்டைப் பற்றியதுதான்.

வேன் ஸ்டாண்டில் எல்லாரையும் விடச் சத்தமாகப் பேசும் மாடசாமி ஒருநாள் உன்னிடம் வந்து நின்றது நினைவிருக்கும். அன்று நானும் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். "தாயி, ஆரியங்காவு மலை வளைவுல வண்டி பின்பக்கம் தொட்டில் மாதிரில்லா ஆடுது. முன்னாடி உக்காந்திருக்கவன் பயத்துல சாமி கும்பிடுதான். பின்னாடி உக்காந்திருக்கவன் வாந்தி எடுக்கான். நான் வண்டியப் பாப்பேனா, வாளியத் தேடுவேனா?" என்றான். நீ சிரிக்கவில்லை. வேனுக்கு அடியில் படுத்துக் கம்பியை அளந்தாய். பதினாறு மில்லிமீட்டர். இரண்டு வாரம் தகரக் கதவில் சாக்பீஸால் கணக்குப் போட்டாய். பிறகு பத்தொன்பது மில்லிமீட்டரில் ஒரு ராடு செய்து வந்தாய். "மூணு மில்லியா? அது பாதிப் பென்சில் கனம்கூட இல்லையே. இதுக்கா ரெண்டு வாரம்?" என்று மாடசாமி கேலி பேசினான். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டேன். பத்தொன்பதைப் பதினாறால் வகுத்து நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் ஏறக்குறைய இரண்டு. பாதிப் பென்சில் கனத்தைக் கூட்டி விறைப்பை இரட்டிப்பாக்கியிருந்தாய். அன்று எனக்கு வந்த பெருமையை உன்னிடம் சொல்லவில்லை. பெருமைக்குப் பின்னாலேயே பயமும் வந்துவிட்டது.

அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் உன்னிடம் வந்தேன். இரட்டிப்பான விசை எங்காவது போய்த்தானே ஆகவேண்டும் என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு நீ நிதானமாகச் சொன்னாய்: "வேற எங்கயும் போகாதுப்பா. லிங்குக்குப் போகும், புஷ்ஷுக்குப் போகும், பிராக்கெட்டுக்குப் போகும்." அப்படியானால் அவை சீக்கிரம் தேயுமே என்றேன். "லிங்க் தேயும். தேயட்டும். அது தேயுததுக்குன்னே வச்சது. அரை மணி நேரத்துல கழட்டி வேற மாட்டிரலாம். லிங்குக்கு முந்தி பிராக்கெட்டு வெல்டு விட்டுச்சுன்னாதான் தப்பு. அது விடாத மாதிரி அடியில தகடு வச்சுக் கெட்டி பண்ணியிருக்கேன். குனிஞ்சு பாருங்க." நான் குனிந்து பார்த்தேன். முதுகு வலித்தது. ஆனால் ஒரு பொறியாளர் எப்படி யோசிக்க வேண்டுமோ அப்படி யோசிக்கும் ஒருத்தி என் வீட்டில் வளர்ந்திருக்கிறாள் என்பது அந்தத் தகட்டைப் பார்த்தபோது புரிந்தது. எல்லாம் என்றைக்கும் தேயாமல் இருக்கும் என்று நீ யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எது முதலில் தேய வேண்டும் என்பதை முடிவு செய்து வைத்திருந்தாய். எனக்கு அந்தத் தெளிவு ஒருநாளும் இருந்ததில்லை. நான் எதுவும் தேயக் கூடாது என்று நினைக்கிறவன். அதனாலேயே பலவற்றைத் தொடாமலே வைத்துவிட்டவன்.

இங்கே பழைய தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, மாணவர்களே ஒரு பந்தய வண்டி கட்டி வடநாட்டுக்குக் கொண்டுபோகும் போட்டி ஒன்று வந்தது. ஒப்புதல் தாளில் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று என்னிடம் கொடுத்தாய். நான் அதை மேசை டிராயரில் வைத்தேன். கடைசி நாள் தாண்டியபின் நீ கேட்டபோது, "மறந்துட்டேம்மா" என்றேன். பால்காரர் எந்த நாளில் வரவில்லை என்பதைக்கூடக் குறித்து வைக்கிற மனிதன் அதை மறந்தானா? தினமும் டிராயரைத் திறந்து அந்தத் தாளைப் பார்த்தேன். அவ்வளவு தூரம், அவ்வளவு வேகம், அவ்வளவு பையன்கள் என்று பயந்து மூடினேன். வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் இல்லை, சரி என்று கையெழுத்துப் போடவும் தைரியம் இல்லை. நீ அன்று நேராக உன் அறைக்குப் போனாய். பிறகு ஒர்க்‌ஷாப் தொடங்கியபோது என்னிடம் எந்தத் தாளையும் நீட்டவில்லை. ராஜபாளையம் சாலையில் கடை பிடித்து, பெயர்ப் பலகை மாட்டியபின் கூப்பிட்டாய். நியாயம்தான்.

மாசி மாதம் அதே மாதிரி ராடு ஒன்றை முதலில் நம் வண்டிக்குப் போட்டாய். "முதல்ல நம்ம வண்டியில, அப்புறம் ஊரார் வண்டியில" என்று நீ சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நானும் உதவுகிறேன் பேர்வழி என்று, ஜாக்கியில் நின்ற வண்டிக்கு அடியில் புகுந்து பிராக்கெட் போல்ட்டை இறுக்கப் போனேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "தொங்கும்போது இறுக்கக் கூடாதுப்பா. கீழ இறக்கி, வண்டி தன் எடையில நிக்கும்போதுதான் இறுக்கணும். இல்லைன்னா புஷ் எப்பமும் முறுக்கிக்கிட்டே இருக்கும், சீக்கிரம் போயிரும்." எனக்கு அறுபத்தேழு வயதில் கிடைத்த நல்ல பாடம். அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஓடிய கிலோமீட்டர், பாரம், சாலை, சத்தம் என்று நான்கு பத்திகள் போட்டேன். ஒவ்வொரு நட்டின் மேலும் அது உட்கார்ந்திருக்கும் தகட்டின் மேலும் சேர்ந்தாற்போல ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். உன் சிவப்பு நகப்பூச்சுக் குப்பி எங்கே போயிற்று என்று நீ அம்மாவோடு சண்டை பிடித்தாயே, அது என் மேசையில்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் புஷ் கத்த ஆரம்பித்தது. மேடு பள்ளத்தில் கிறீச் என்று ஒரு சத்தம். புது ரப்பர் இறுக்கமாகப் பிடிக்கும்போது வருவதுதான் என்று நீ சொன்னாய். நான் அதைக் குறித்தும் வைத்தேன். ஆனால் அந்தச் சத்தத்தோடு வேன் ஸ்டாண்டைத் தாண்டிப் போவது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. வண்டிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நான் பயப்படவில்லை. உன்னைப் பற்றி என்ன பேசுவார்களோ என்றுதான் பயந்தேன். ஏற்கெனவே ஒருவன், "சார்வாள் வண்டி கோழிக் கூண்டு மாதிரி கத்துதே, மக வேலையா?" என்று கேட்டிருந்தான். அந்த வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தபோது, உன் அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய் டப்பா கண்ணில் பட்டது. மூக்கு நீளமான டப்பா. படுத்துக் கையை நீட்டினால் சரியாகப் புஷ்ஷின் ஓரத்துக்கு எட்டியது. இந்தப் பக்கம் இரண்டு சொட்டு, அந்தப் பக்கம் இரண்டு சொட்டு. சத்தம் நின்றுவிட்டது. எனக்கு அவ்வளவு நிம்மதி. அடுத்த வெள்ளியும் விட்டேன். அதற்கடுத்த வெள்ளியும். சந்தனம், குங்குமம், எண்ணெய் என்று அது ஒரு வழிபாட்டு முறையாகவே ஆகிவிட்டது. ஆடி மாதம் வரை மொத்தம் இருபத்திரண்டு வெள்ளிக்கிழமைகள்.

தையல் மெஷின் எண்ணெய் கனிம எண்ணெய். ரப்பர் அதைக் குடித்து ஊதி, மெத்தென்று ஆகி, பலம் இழந்துவிடும். இது எனக்குத் தெரியாததா? பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. பக்கத்து அறையில் வேதியியல் ஆசிரியர் எண்ணெயில் ரப்பர் துண்டைப் போட்டு ஆண்டுதோறும் காட்டுவார். படித்தது தலையில் இருந்தது, பயம் கையில் இருந்தது, கைதான் முந்திக்கொண்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்கு பத்திகள் போட்ட அந்த நோட்டில் எண்ணெய் விட்டதை மட்டும் நான் ஒருநாளும் எழுதவில்லை. செய்யக் கூடாததைச் செய்கிறோம் என்பது உள்ளே எங்கோ தெரிந்திருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் அளவு எடுக்காமலே அளவு எழுதிய பிள்ளைகளை ஒரே பார்வையில் பிடித்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட மறுத்தவன் நான். என் நோட்டை அன்று யாராவது என்னைப் போல் பார்த்திருந்தால் பிடித்திருப்பார்கள்.

நம் சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா அன்று நடந்தது ஊருக்கே தெரியும். கூட்டத்துக்காகப் பாதையை மாற்றி விட்டிருந்ததால், நானும் உன் அம்மாவும் வேன் ஸ்டாண்டைச் சுற்றி வர வேண்டியிருந்தது. ஸ்டாண்டுக்கு நேரே உள்ள பள்ளத்தில் இறங்கிய நிமிடம் பின்னால் டங்கென்று ஒரு சத்தம். பிறகு சக்கரம் உருளும்போதெல்லாம் டங், டங். மாடசாமி டீயோடு எழுந்து வந்தான். "சார்வாள், சாமி இன்னும் புறப்படலையே, அதுக்குள்ள கொட்டடிக்க ஆரம்பிச்சிட்டேளா?" சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "மக கட்டுன ராடுல்லா, கொட்டும் டபுள்தான் வே" என்று இன்னொரு குரல். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மாதான் உனக்குப் போன் செய்தாள்.

நீ ஸ்கூட்டரில் வந்தாய். பழக்கடையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை வாங்கி, விரித்து, அத்தனை பேர் பார்க்க அதன்மேல் படுத்து அடியில் புகுந்தாய். வெளியே வந்தபோது உன் கையில் கிழிந்த புஷ் இருந்தது. எல்லாரும் ஏதாவது சாக்குச் சொல்வாய் என்று எதிர்பார்த்தார்கள். நானும்தான். பள்ளத்தைச் சொல்லலாம், ரப்பர் வார்த்துக் கொடுத்த கோவில்பட்டிக்காரரைச் சொல்லலாம், ஓட்டிய கிழவனைச் சொல்லலாம். நீ மாடசாமியை நேராகப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாய்: "எந் தப்புதான் அண்ணாச்சி. எங்கயோ பிசகியிருக்கு. உங்க வண்டியையும் சேத்து நான் மாட்டுன நாலு வண்டியையும் நாளைக்கே வந்து பாக்கேன். அதுவரைக்கும் மலைப்பக்கம் ஏத்தாதீங்க." சிரிப்பு நின்றுவிட்டது. மாடசாமிகூட, "சரி தாயி" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். உனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அறுபத்தேழு வயதுக்காரன் இரண்டடி தள்ளி வாயை மூடிக்கொண்டு நின்றான். மகளே, உன் வாழ்நாளில் நான் உன்னைப் பார்த்து மிகப் பெருமைப்பட்ட நேரமும், என்னைப் பார்த்து மிக வெட்கப்பட்ட நேரமும் அந்த ஒரே நேரம்தான்.

அன்று மாலை அந்தப் புஷ்ஷைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "ஊதியிருக்கேப்பா. ரப்பர் கலவை சரியில்லையோ? இல்ல, எண்ணெய் எதுவும் பட்டுச்சா?" என்று கேட்டாய். நான் "இல்லம்மா" என்றேன். "உங்க நோட்டுல இருக்கா?" என்றாய். இல்லை என்றேன். "உங்க நோட்டுல இல்லைன்னா இல்லதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். எத்தனையோ பேர் என்னை நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் நான் பொய் சொன்னேன்.

மறுநாள் அந்த நான்கில் ஒன்றான கடையநல்லூர் மைதீன் வண்டியைப் பார்க்க நாம் சேர்ந்துதான் போனோம். அவர் வண்டியில் புஷ் புதிதுபோல இருந்தது. மற்ற மூன்றிலும் அப்படியே. அப்படியும் நீ நான்கு ராடுகளையும் கழற்றிப் பழையதை மாட்டினாய். மைதீன் கெஞ்சினார்: "எம்மா, எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏத்திக்கிட்டு மலை ஏறுதேன், இப்பம்தான் வண்டி சொன்னபடி கேக்கு. கழட்டாத மக்கா." நீ சொன்ன பதிலை அன்றே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: "காரணம் தெரியாமக் கெட்டாலும், காரணம் தெரியாம நல்லா இருந்தாலும் எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் பாய். காரணம் தெரியட்டும், நானே வந்து மாட்டித் தாரேன்." காரணம் அப்போது உனக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தது.

அதன்பின் நான் செய்ததைக் கேள். நம் வண்டியில் மட்டும் அதே ராடு இருக்கட்டும், அதே ஆளிடம் வார்த்த அதே ரப்பரில் புதுப் புஷ் போட்டுக் கொடு என்று உன்னிடம் கேட்டேன். "உங்களுக்குத்தானப்பா பயம்?" என்று நீ ஆச்சரியப்பட்டாய். "பழகிருச்சும்மா" என்றேன். ஒரு சோதனையில் ஒரே ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நான் மாற்றியது எண்ணெய் விடுவதை மட்டும்; இந்த முறை ஒரு சொட்டும் விடவில்லை. எதிர் வீட்டுக் கட்டட வேலையிலிருந்து நான்கு மூட்டை மணல் கேட்டு வாங்கி, பின்னால் ஏற்றினேன். தினமும் நூலகம் போவதாகச் சொல்லிவிட்டு வாசுதேவநல்லூர் போய் வந்தேன். சில நாள் மேலநீலிதநல்லூர்ச் சாலை. அதில் பள்ளங்களுக்குப் பஞ்சமில்லை. நாற்பதுக்கு மேல் போகாதவன் அறுபதில் வளைவு திரும்பக் கற்றுக்கொண்டேன். மூன்று முறை செங்கோட்டை தாண்டி மலையும் ஏறினேன், உதடு காய்ந்து, கந்த சஷ்டி கவசம் முணுமுணுத்துக்கொண்டு. வழியில் என்னைப் பார்த்த மாடசாமி, "சார்வாளுக்கு வாசுதேவநல்லூர்ல சின்ன வீடு எதுவும் உண்டா? தெனமும் மூட்டை மூட்டையாச் சாமான் போகுதே" என்று கேட்டிருக்கிறான். உன் அம்மா காதுவரைக்கும் அது வந்து, இரண்டு நாள் சாம்பாரில் உப்பு இல்லை.

இன்று வரை பதினோராயிரம் கிலோமீட்டர். புஷ் முதல் மாதம் கத்தியது. பற்களைக் கடித்துக்கொண்டு ஸ்டாண்டைத் தாண்டினேன். மழை நாளில் இன்றும் கத்துகிறது. கத்துகிற புஷ் கிழியவில்லை. கத்தாமல் நான் செய்த புஷ்தான் கிழிந்தது. எட்டு நட்டுகளிலும் சிவப்புக் கோடு மயிரிழை விலகவில்லை. பிராக்கெட் வெல்டில் கீறல் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்பதாயிரத்தில் இடது லிங்கின் ரப்பர் உறையில் வெடிப்பு வந்து, கையால் ஆட்டினால் லேசாக ஆடுகிறது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். லிங்க் முதலில் தேயும் என்று நீ சொன்னாய், அதுதான் தேய்ந்திருக்கிறது. பழைய ராடைவிடக் கொஞ்சம் சீக்கிரமாக லிங்க் மாற்ற வேண்டியிருக்கும். உன் வாடிக்கையாளர்களிடம் நீ முதல் நாளே சொன்னதும் அதுதான். உன் கணக்கு சரி. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சரி.

இவ்வளவும் தெரிந்தபின் ஏன் உடனே சொல்லவில்லை? சான்று சேர்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐயாயிரம் ஆகட்டும், எட்டாயிரம் ஆகட்டும் என்று தள்ளிப் போட்டேன். இதற்கிடையில் நீ சென்னைக்கு விண்ணப்பம் போட்டாய், தேர்வானாய், நாள் குறித்தாய். டிராயரில் தாளை வைத்துப் பூட்டிய அதே மனிதன்தான். நேற்று காலை உன் அம்மாவிடம் சொன்னேன். ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்தினாள். "எண்ணெ ஏன் அப்பம் மாசாமாசம் தீந்துச்சுன்னு இப்பம்லா தெரியுது" என்றாள் முதலில். பிறகு, "எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? அவ நடு ரோட்டுல நின்னுல்லா எந் தப்புன்னு சொன்னா. நீங்களும் அங்கன போயிச் சொல்லுங்க" என்றாள். மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அதனால்தான் இது திறந்த கடிதம். ஒரு பிரதி உனக்கு. இன்னொரு பிரதியை இன்று மதியம் வேன் ஸ்டாண்டு டீக்கடைச் சுவரில் ஒட்டப் போகிறேன். வண்டியையும் அங்கேயே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தப் போகிறேன். பூதக்கண்ணாடியும் டார்ச்சும் எடுத்து வைத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் படுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு தகப்பன் மகளுக்குச் சொல்ல வேண்டிய புத்திமதி எதுவும் என்னிடம் பெரிதாக இல்லை. சென்னையோ சங்கரன்கோவிலோ, எங்கே இருந்தாலும் நடு ரோட்டில் அன்று நின்ற மாதிரியே நில். ஆனால் மற்றவர்கள் தப்பையும் சேர்த்து உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. உன் கணக்கில் குறை தெரிந்தால், பக்கத்தில் அமைதியாக நிற்பவர்களையும் ஒரு முறை கேள். அப்பாவாக இருந்தாலும் இரண்டாம் முறை கேள். உனக்குக் கிடைத்த தைரியம் என்னிடமிருந்து வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். பொறுமையாக அளக்கும் பழக்கம் மட்டும் ஒருவேளை என்னிடமிருந்து வந்திருக்கலாம். அது போதும் எனக்கு.

உன் அப்பா

பின்குறிப்பு: ஒட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒட்டிய கையோடு திரும்பிவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. மாடசாமி கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் சத்தமாகவே படித்தான். அவனைப் பற்றி எழுதிய இடங்களை இரண்டு முறை படித்தான். நான் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். முடித்துவிட்டு, "சார்வாள், எண்ணெ விட்டது நான்தான்னு ஒரு வரி போதாதா? இதுக்கு இம்புட்டு பக்கமா?" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு அவனே அட்டைப்பெட்டி விரித்து அடியில் புகுந்து, ஒவ்வொரு சிவப்புக் கோடாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். முதுகைத் தட்டிக்கொண்டே, "எம் வண்டி ராடு அவ கிட்டதான் இருக்கு. திருப்பி மாட்டித் தருவாளா, இல்ல ரயிலு ஏறிருவாளா?" என்று கேட்டான். உன் சார்பாக நான் எந்தப் பதிலும் சொல்லவில்லை. "அவகிட்டயே கேளும் வே" என்றேன். நான் ஸ்டாண்டில் அவ்வளவு சத்தமாகப் பேசியது இதுவே முதல் முறை.

எண்ணெய் டப்பாவை உன் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடிதத்தோடு நோட்டையும் வைத்திருக்கிறேன். மாசி முதல் ஆடி வரை விட்டுப்போன இருபத்திரண்டு வெள்ளிக்கிழமைகளையும், ஒவ்வொன்றுக்கும் நேராக "எண்ணெய், பக்கத்துக்கு இரண்டு சொட்டு" என்று சிவப்பு மையில் எழுதிச் சேர்த்திருக்கிறேன். சரிபார்த்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடு.